எண்களை வகைப்படுத்துவது எப்படி? இயல் எண் முதல் விகிதமுறா எண் வரை, பண்புகளோடு சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

√16 என்ன வகை எண் என்று கேட்டால், வர்க்கமூலக் குறியைப் பார்த்த மாத்திரத்தில் "விகிதமுறா எண்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். 22/7 என்றால் "அது பை (π), அதனால் விகிதமுறா எண்". −12/4 என்றால் "பின்னம், முழு கிடையாது". மூன்றும் தப்பு. உடுப்பைப் பார்த்து ஆளை முடிவு செய்வதால் வரும் தப்பு.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் எண் வகைகள் ஒரு பக்கம் வரும். அடைவுப் பண்பு, பரிமாற்றுப் பண்பு என்று இன்னொரு பக்கம் ஒரு அட்டவணை வரும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போலப் பிள்ளைகள் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பாடம்தான். ஏதோ ஒரு கணக்கைப் போட முடியாமல் முட்டிக்கொண்ட இடத்தில்தான் ஒவ்வொரு புது வகை எண்ணும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

எந்த வகைக்குள் எந்த வகை

1, 2, 3 என்று எண்ணப் பயன்படுவன இயல் எண்கள். அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். இன்னும் −1, −2, −3 எல்லாம் சேர்ந்தால் முழுக்கள். "முழு எண்", "முழுக்கள்" இரண்டும் காதில் ஒன்றுபோல விழும், ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் முன்னதில் குறை எண்கள் கிடையாது, பின்னதில் உண்டு. கவனிக்காமல் விட்டால் மதிப்பெண் போகும். 0 இயல் எண்ணா இல்லையா என்பதில் எல்லா நாட்டிலும் ஒரே வழக்கம் இல்லை. நம் பள்ளிப் பாடத்தில் 1-இல்தான் தொடக்கம், கல்லூரி நூல்கள் சில 0-ஐயும் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு முழுவை, பூச்சியம் அல்லாத இன்னொரு முழுவால் வகுத்து எழுத முடிகிற எதுவும் விகிதமுறு எண். 5-ஐ 5/1 என்று எழுதலாம், அதனால் 5-உம் விகிதமுறு எண்தான். அப்படி எழுதவே முடியாதவை விகிதமுறா எண்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தது மெய்யெண்கள்.

இயல் எண்கள் முழு எண்களுக்குள், அவை முழுக்களுக்குள், அவை விகிதமுறு எண்களுக்குள் அடங்கும். "7 விகிதமுறு எண்ணா?" என்று கேட்டால் "இல்லை, அது இயல் எண்" என்று பதில் சொல்வது, "அவர் மதுரைக்காரரா, தமிழ்நாட்டுக்காரரா?" என்று கேட்டு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பதற்குச் சமம். விகிதமுறு, விகிதமுறா என்ற இரண்டு மட்டும்தான் ஒன்றையொன்று தொடாத கூட்டங்கள்.

படி 1: சுருக்காமல் வகை சொல்லாதீர்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தப்புகள் தானாக நின்றுவிடும். √16 = 4, இயல் எண். −12/4 = −3, முழு. √(4/9) = 2/3, விகிதமுறு எண். √12 × √3 = √36 = 6. 0/7 = 0, இது முழு எண். ஆனால் 7/0 எந்த வகையிலும் சேராது, ஏனென்றால் அது எண்ணே இல்லை. ஏன் இல்லை என்பது பண்புகள் பகுதியில் வரும்.

படி 2: மெய்யெண்தானா?

வர்க்கமூலத்துக்குள் குறை எண் இருந்தால் அது மெய்யெண் இல்லை. எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் குறை எண் வராது, அதனால் √(−4)-க்கு மெய்யெண் கோட்டில் இடம் இல்லை. அது கற்பனை எண், மேல் வகுப்பில் கலப்பெண்கள் பாடத்தில் வரும். கனமூலத்துக்கு இந்தத் தடை கிடையாது. −8-இன் கனமூலம் −2, ஏனென்றால் (−2) × (−2) × (−2) = −8. மூலக்குறிக்குள் குறை எண்ணைக் கண்டவுடன் "மெய்யெண் இல்லை" என்று எழுதும் முன் அது வர்க்கமூலமா கனமூலமா என்று ஒரு முறை பாருங்கள்.

படி 3: பின்னமாக எழுத முடியுமா?

சுருக்கியபின் முழுவாக வந்துவிட்டால் வேலை முடிந்தது. வராவிட்டால்தான் இந்தப் படி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், பாடத்தில் சுவையான இடமே இதுதான்.

பின்னத்தைத் தசமமாக்கினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, எங்காவது நின்றுவிடும்: 7/40 = 0.175. அல்லது, ஒரு கூட்டம் இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்: 1/7 = 0.142857142857... வேறு வழியே கிடையாது. காரணம் எளிது. 1-ஐ 7-ஆல் நெடுமுறையில் வகுத்துக்கொண்டே போகிறீர்கள், ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. மீதி 0 ஆகிவிட்டால் கணக்கு நின்றுவிடும். இல்லையென்றால் அது 1, 2, 3, 4, 5, 6 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆறு வகை மீதிகள்தான் உண்டு என்றால், ஏழாவது தடவைக்குள் பழைய மீதி ஒன்று மறுபடி வந்தே தீரும், வந்ததும் பழைய இலக்கங்களும் அதே வரிசையில் திரும்பும். 7-க்குப் பதில் எந்த எண் பகுதியில் (பின்னத்தின் கீழே) இருந்தாலும் இதே கதைதான்.

எது நிற்கும், எது சுழலும் என்று வகுக்காமலே சொல்லலாம். பின்னத்தைச் சுருங்கிய வடிவுக்குக் கொண்டுவாருங்கள், பகுதியைப் பகாக் காரணிகளாக உடையுங்கள். 2, 5 தவிர வேறு காரணி இல்லை என்றால் நின்றுவிடும், இருந்தால் சுழலும். 40 = 2 × 2 × 2 × 5, அதனால் 7/40 நின்றது. 33/75-இன் பகுதியில் 3 ஒளிந்திருக்கிறது, சுழலும் என்று தோன்றும்; சுருக்கினால் 11/25, அதாவது 0.44. சுருக்காமல் சோதித்தால் இந்தக் குழியில்தான் விழ வேண்டும்.

சோதித்துப் பார்க்க நம்மிடமே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. பழைய எண்சுவடிப் பின்னங்களை எடுங்கள்: அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எல்லாவற்றின் பகுதியும் 2-ஆலும் 5-ஆலும் மட்டுமே ஆனது, 320 கூட ஆறு 2-களும் ஒரு 5-உம் பெருக்கியதுதான். அதனால் இவை எல்லாமே முடிவுறு தசமங்கள்: மா 0.05, மாகாணி 0.0625, காணி 0.0125, முந்திரி 0.003125.

இனி எதிர்த் திசை. 0.272727... என்ற சுழல் தசமத்தைப் பின்னமாக்க வேண்டும். அதை அ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலக்கம் சுழல்கிறது, அதனால் 100-ஆல் பெருக்குங்கள்: 100அ = 27.2727... கழித்தால் வால் முழுவதும் அடிபட்டு 99அ = 27 என்று நிற்கும். அ = 27/99 = 3/11. ஒரு இலக்கம் சுழன்றால் 10-ஆல், மூன்று சுழன்றால் 1000-ஆல் பெருக்க வேண்டும். இதே முறையில் 0.999... என்பதைப் போட்டுப் பாருங்கள்: 10அ = 9.999..., 9அ = 9, அ = 1. ஆமாம், சரியாக 1. "கிட்டத்தட்ட 1" இல்லை. இதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வராது, ஆனால் 1/3 = 0.333... என்பதை ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் 3-ஆல் பெருக்கிப் பார்த்தால் தப்பிக்க வழி இல்லை.

கால்குலேட்டரை நம்பி வகை சொல்லாதீர்கள். 1/17-ஐத் தட்டினால் 0.0588235294 என்று காட்டும், எங்கும் சுழற்சி தெரியாது. ஆனால் அது 16 இலக்கங்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. திரையில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

படி 4: விகிதமுறா எண் என்று உறுதி செய்வது

பள்ளி அளவில் மூன்று வகையாகத்தான் இவை எதிரே வரும்.

முதல் வகை, முழு வர்க்கம் அல்லாத இயல் எண்ணின் வர்க்கமூலம்: √2, √3, √12, √50. ஏன் இவற்றைப் பின்னமாக எழுத முடியாது? √2 = அ/ஆ என்று எழுத முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம், இரண்டும் இயல் எண்கள். வர்க்கப்படுத்தினால் அ² = 2ஆ². இப்போது இரண்டு பக்கத்தையும் பகாக் காரணிகளாக உடைத்து, 2 எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். ஒரு எண்ணை வர்க்கப்படுத்தினால் ஒவ்வொரு காரணியும் இரட்டிப்பாகும், அதனால் அ²-இல் 2-களின் எண்ணிக்கை இரட்டைப்படை. ஆ²-இலும் இரட்டைப்படைதான், ஆனால் முன்னால் ஒரு 2 கூடுதலாக நிற்பதால் வலப்பக்கம் ஒற்றைப்படை. ஒரே எண்ணில் 2-கள் இரட்டைப்படையாகவும் ஒற்றைப்படையாகவும் இருக்க முடியாது. ஆக, அப்படி ஒரு பின்னம் இல்லை. பாடநூலில் வரும் நிரூபணம் வேறு மாதிரி இருக்கும், எனக்கு இதுதான் பிடிக்கும். √3, √12 இரண்டுக்கும் 2-களுக்குப் பதில் 3-களை எண்ணினால் இதே வாதம் பொருந்தும்.

இரண்டாவது வகை பை. 22/7 என்பது பை இல்லை, பையின் தோராயம். 22/7 = 3.142857..., பை = 3.141592...; மூன்றாவது தசம இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தந்த 62832/20000, அதாவது 3.1416, இன்னும் நெருக்கமானது, அதையும் அவர் அண்மை மதிப்பு என்றுதான் சொன்னார். பையைப் பின்னமாக எழுதவே முடியாது என்று முதலில் நிரூபித்தவர் லாம்பெர்ட், 1760-களில். ஆக 22/7, 3.14, 3.1416 எல்லாம் விகிதமுறு எண்கள், பை மட்டும் விகிதமுறா எண்.

மூன்றாவது வகை, 0.1010010001... போல ஓர் ஒழுங்கு இருந்தும் சுழலாத தசமங்கள். ஒழுங்கு வேறு, சுழற்சி வேறு. இங்கே ஒவ்வொரு முறையும் ஒரு 0 கூடிக்கொண்டே போகிறது, அதனால் ஒரே கூட்டம் திரும்புவதே இல்லை.

படி 5: பண்புகள், எந்தக் கூட்டத்தில் எது நிற்கும்

அடைவுப் பண்பில் தொடங்குவோம். ஒரு கூட்டத்திலிருந்து எந்த இரண்டு எண்களை எடுத்துக் கணக்குப் போட்டாலும் விடை அதே கூட்டத்துக்குள் விழுந்தால், அந்தச் செயலுக்கு அடைவுப் பண்பு உண்டு. இயல் எண்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் இயல் எண்தான். கழித்தால்? 8 − 3 சரி, 3 − 8 வெளியே போய்விட்டது. அந்த ஒரு உதாரணமே போதும், பண்பு இல்லை என்று எழுதிவிடலாம்.

அந்த வெளியே போன விடைக்கு இடம் கொடுக்கத்தான் குறை எண்கள் தேவைப்பட்டன. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் மிகை எண்களைச் செல்வம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் பெயரிட்டு, பூச்சியத்தையும் சேர்த்து விதிகள் எழுதினார்; கடனையும் கடனையும் பெருக்கினால் செல்வம் என்பது அதில் ஒன்று. முழுக்களில் கழித்தல் அடைவு பெற்றுவிட்டது, ஆனால் வகுத்தல் இன்னும் வெளியே போகிறது, 3 ÷ 8 முழு இல்லை. அதற்கு விகிதமுறு எண்கள் வந்தன. அங்கே 0-ஆல் வகுப்பதை மட்டும் விலக்கிவிட்டால் நான்கு செயல்களும் உள்ளேயே நிற்கும். இத்தனை வசதி இருந்தும் பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தை அதில் எழுத முடியவில்லை, √2 வேண்டியிருந்தது. √(−1)-க்கு அதுவும் போதாமல் கலப்பெண்கள். முன்பு சொன்ன நூல் இதுதான்.

விகிதமுறா எண்கள் மட்டும் தனியாக எடுத்தால் எதற்குமே அடைவு கிடையாது. √2 − √2 = 0, √2 × √8 = 4, √8 ÷ √2 = 2, (5 − √3) + √3 = 5. "இரண்டு விகிதமுறா எண்களைக் கூட்டினால் விகிதமுறா எண்தான்" என்று சரியா தவறா கேள்வியில் வந்தால் தவறு என்று போடுங்கள். விகிதமுறு எண்ணோடு விகிதமுறா எண்ணைக் கூட்டினால் மட்டும் விடை நிச்சயமாக விகிதமுறா எண். பையையும் ஆய்லர் எண்ணையும் (2.71828...) கூட்டினால் வருவது எந்த வகை என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. தனித்தனியே இரண்டும் விகிதமுறா எண்கள் என்பதற்கு நிரூபணம் உண்டு, கூட்டியபின் என்ன ஆகும் என்பதற்கு இல்லை.

பரிமாற்றுப் பண்பு என்றால் இடம் மாற்றலாம், சேர்ப்புப் பண்பு என்றால் அடைப்பை மாற்றலாம். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இரண்டும் உண்டு. 25 × 37 × 4 என்றால் முதலில் 25-ஐயும் 4-ஐயும் சேர்த்து 100 ஆக்கி 3700 என்று வாயாலேயே சொல்லிவிடலாம். கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் இரண்டும் இல்லை: (20 − 8) − 5 = 7, ஆனால் 20 − (8 − 5) = 17. கழித்தலில் இடம் மாற்ற வேண்டுமென்றால் அதைக் குறை எண்ணின் கூட்டலாக மாற்றி எழுதுங்கள். 7 − 12 + 3 என்பதை 7 + (−12) + 3 என்று எழுதிவிட்டால் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம்.

இந்த இரண்டு பண்புகளும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு எண்களின் சராசரியை ஒரு செயலாக எடுத்துக்கொள்ளுங்கள். 2, 4 இரண்டின் சராசரியும் 4, 2 இரண்டின் சராசரியும் ஒன்றே, பரிமாற்று உண்டு. அப்புறம் 2, 4-இன் சராசரி 3, அதோடு 8-ஐச் சராசரி எடுத்தால் 5.5. ஆனால் 4, 8-இன் சராசரி 6, அதோடு 2-ஐ எடுத்தால் 4. சேர்ப்பு இல்லை. சராசரிகளுக்கு மறுபடி சராசரி எடுத்துக் கணக்கு காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இதனால்தான்.

சமனி, நேர்மாறு இரண்டையும் வேகமாகப் பார்த்துவிடலாம். எந்த எண்ணோடு சேர்ந்தாலும் அதை மாற்றாமல் விடுவது சமனி; ஓர் எண்ணோடு சேர்ந்து சமனியைத் தருவது அதன் நேர்மாறு. கூட்டல் சமனி 0, பெருக்கல் சமனி 1. −3/5-இன் கூட்டல் நேர்மாறு 3/5. பெருக்கல் நேர்மாறு, அதாவது தலைகீழி, −5/3. தலைகீழாக்கும்போது குறியையும் மாற்றிவிடுவது அடிக்கடி பார்க்கும் தப்பு. 0-க்குத் தலைகீழி இல்லை, ஏனென்றால் 0-ஐ எதால் பெருக்கினாலும் 0-தான் வரும், 1 வரவே வராது. 7/0 எண்ணே இல்லை என்று முன்பு சொன்னதற்கு இதுதான் காரணம். 0/0 = 0 என்று பிரம்மகுப்தரே எழுதியிருக்கிறார், இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை.

பங்கீட்டுப் பண்புதான் எல்லாவற்றிலும் உழைப்பாளி: அ × (ஆ + இ) = அ × ஆ + அ × இ. 999 × 47 என்பதை 47000 − 47 = 46953 என்று போடுவது இதனால்தான். "மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்" என்று எல்லோரும் ஒப்பிக்கிறோமே, அதுவும் இதிலிருந்து வருவதுதான். (−1) × (1 + (−1)) என்பதைப் பாருங்கள். அடைப்புக்குள் 0, அதனால் விடை 0. அதையே பங்கிட்டால் (−1) × 1 + (−1) × (−1), அதாவது −1 + ஏதோ ஒன்று. இதுவும் 0 ஆக வேண்டும். அப்படியானால் அந்த ஏதோ ஒன்று 1-ஆகத்தான் இருக்க முடியும். (−1) × (−1) = 1 என்பது யாரோ போட்ட சட்டம் இல்லை; பங்கீட்டுப் பண்பு குறை எண்களுக்கும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் வேறு விடைக்கு வழியே இல்லை.

பங்கிடக் கூடாத இடங்களும் உண்டு. √(9 + 16) = 5, ஆனால் √9 + √16 = 7. (அ + ஆ)²-ஐ அ² + ஆ² என்று எழுதினால் நடுவில் 2அஆ காணாமல் போகும். (12 + 18) ÷ 6 என்பதை 2 + 3 என்று பிரிக்கலாம், ஆனால் 12 ÷ (2 + 4) என்பதை 12 ÷ 2 + 12 ÷ 4 என்று பிரிக்க முடியாது. முன்னது 2, பின்னது 9.

படி 6: சமன்பாட்டில் பண்புகளைப் பெயர் சொல்லிப் பயன்படுத்துவது

3(அ − 4) + 7 = 22. பங்கீடு: 3அ − 12 + 7 = 22. சேர்ப்பு: 3அ − 5 = 22. இப்போது "5 அந்தப் பக்கம் போனால் ப்ளஸ் ஆகும்" என்று சொல்லித் தருவார்கள். எதுவும் எங்கும் போகவில்லை. −5-இன் கூட்டல் நேர்மாறான 5-ஐ இரு பக்கமும் கூட்டுகிறோம், 3அ = 27. அப்புறம் 3-இன் தலைகீழி 1/3-ஆல் இரு பக்கமும் பெருக்குகிறோம், அ = 9. பக்கம் மாற்றும் குறுக்குவழி வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் தெரிந்தவர்கள் 3அ = 27-இல் "3 அந்தப் பக்கம் போனால் −3" என்று எழுதி 24 என்று விடை கொண்டுவருவார்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பண்புகள் எண்களுக்கு உண்டு என்பதால் எல்லாவற்றுக்கும் உண்டு என்று கிடையாது. பத்தாம் வகுப்பில் அணிகள் (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்கள்) வரும்போது பெருக்கலில் இடம் மாற்றினால் விடையே மாறிவிடும். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரில் கால்வாய் ஓரம் நடந்துகொண்டிருந்த கணிதவியலர் ஹாமில்டன் கண்டுபிடித்த நான்மடி எண்களிலும் (quaternions, நான்கு பகுதிகள் கொண்ட எண்கள்) அப்படித்தான், அவற்றின் கற்பனை அலகுகள் இரண்டை வரிசை மாற்றிப் பெருக்கினால் குறி மாறும். கூட்டல், சேர்ப்பு, பங்கீடு எல்லாம் ஒழுங்காக இருக்க, பெருக்கலின் பரிமாற்றுப் பண்பு மட்டும் போய்விட்ட எண்கள் அவை.

போட்டுப் பாருங்கள்

கீழே விடையும் இருக்கிறது, முதலில் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். −√81, √50/√2, 3.14, 0/9, 0.12112111211112..., √(−25), 21/60, (2 + √3)(2 − √3), √2 + √8.

−√81 = −9, முழு, ஆனால் முழு எண் இல்லை. √50/√2 = √25 = 5, இயல் எண். 3.14 = 157/50, விகிதமுறு எண். 0/9 = 0, முழு எண், இயல் எண் இல்லை. 0.12112111211112... சுழலவில்லை, விகிதமுறா எண். √(−25) மெய்யெண்ணே இல்லை. 21/60-ஐச் சுருக்கினால் 7/20, நின்றுவிடும் தசமம், 0.35. (2 + √3)(2 − √3)-ஐப் பங்கிட்டால் 4 − 3 = 1, இயல் எண். கடைசியில் √8 = 2√2, அதனால் கூட்டினால் 3√2, விகிதமுறா எண்; அதே இரண்டையும் கூட்டாமல் பெருக்கியிருந்தால் 4 வந்திருக்கும்.